சுடாத துப்பாக்கியின் சுகம்

வேட்டைக்குத் தடை. தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. சட்டமோ வருஷத்துக்கு வருஷம் இறுகுகிறது. இருந்தும் பழைய லீவர் ரைபிளைக் கைவிட மனமில்லாத ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்கிறது.

தேர்தல் தேதி அறிவித்த கையோடு நாடெங்கும் ஓசையில்லாமல் ஒரு ஊர்வலம் தொடங்கிவிடுகிறது. கட்சிக்காரர்களுடையது அல்ல; லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுடையது. கான்வாஸ் உறையிலோ எண்ணெய்த் துணியிலோ சுற்றிய துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் மாவட்டப் பரிசீலனைக் குழுவின் தயவை நம்பியிருக்க வேண்டும். வாக்கு எண்ணி முடித்து, வெற்றி பெற்றவர் மாலையோடு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் துப்பாக்கியும் வீடு வரும். வந்ததும் சொந்தக்காரர் முதலில் செய்வது குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பது. துரு ஏறியிருக்கிறதா?

இத்தனை பாடும் எதற்கு? இந்தத் துப்பாக்கியால் மான் சுட முடியாது; சுட்டால் சிறை. 1970இல் புலி வேட்டை நின்றது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில்லறை வேட்டைக்கு மிச்சமிருந்த லைசென்ஸ்களையும் 1991இல் செய்த திருத்தம் துடைத்தெறிந்தது. வேட்டை ரைபிள் என்ற பெயரில் 'வேட்டை' போய் அரை நூற்றாண்டு ஆகிறது. மிச்சமிருப்பது ரைபிள் மட்டும்.

அதிலும் ஒரு ஜாதி ரைபிளுக்கு மட்டும் தனி மோகம். விசைக்குக் கீழே இரும்பு வளையம் தொங்குமே, கௌபாய் படங்களில் கதாநாயகன் ஒரு சுழற்றுச் சுழற்றுவானே, அதுதான் லீவர் ரைபிள். வளையத்தை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறிக்கும்; குதிரை பின்னால் சாய்ந்து நிற்கும். வளையத்தைப் பின்னால் இழுத்தால் புதிய தோட்டா அறைக்குள் ஏறும். தள்ளு, இழு, சுடு. தோளிலிருந்து ரைபிளை எடுக்க வேண்டியதில்லை, குறியிலிருந்து கண்ணையும் எடுக்க வேண்டியதில்லை. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்க்கும் சிறுவனின் சந்தோஷம் இதில் உண்டு. ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். அந்த இரட்டை 'கிளிக்' சத்தத்துக்காகவே காலி ரைபிளை மாதம் ஒரு முறை எடுத்து இயக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. துடைப்பது என்பது அதற்கு ஒரு சாக்கு.

இந்த யந்திரத்தைப் பிரபலமாக்கியவர் ஒரு சட்டை வியாபாரி என்பது வேடிக்கை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றுப் பணம் பண்ணிய ஆலிவர் வின்செஸ்டர், நொடித்துப்போன ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் முதல் போட்டார். அவரிடம் வேலை பார்த்த டைலர் ஹென்றி 1860இல் உருவாக்கிய ரைபிள், குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் தோட்டாக்களை வரிசையாக அடைத்துக்கொண்டது. ஒரு வெடிக்கு ஒரு முறை மருந்து இடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிட்டால் வாரம் முழுக்கச் சுடலாம் என்று எதிரிகள் நொந்துகொண்டதாகக் கதை. 1866இல் கம்பெனிக்கு வின்செஸ்டர் தன் பெயரையே வைத்தார்.

பின்னால் வந்த நல்ல மாடல்களுக்கெல்லாம் மூளை வேறொருவருடையது. யூடா மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லர் ஒருவரின் மகன், ஜான் பிரவுனிங். அவர் வடிவமைத்த 1894 மாடல் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சமாவது ரைபிளை 1927இல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜுக்குப் பரிசளித்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் இது நம்மூர் மண்வெட்டி போல. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது. வின்செஸ்டர் பெயரில் வரும் லீவர் ரைபிள்களை இப்போது செய்வது ஜப்பானின் மிரோகு தொழிற்சாலை. அசல் அமெரிக்கச் சின்னம் ஜப்பானில் பிறக்கிறது. பழைய நியூ ஹேவன் முத்திரைக்கு மவுசு ஏறியதில் ஆச்சரியமில்லை.

தமிழனுக்கு இதில் என்ன சம்பந்தம்? திரைக்கும் காகிதத்துக்கும் நிறைய சம்பந்தம். ஜெய்சங்கர் குதிரை ஏறிய 'கங்கா' 1972இல் வந்தது. ரஜினிகாந்தின் 'தாய் மீது சத்தியம்' 1978இல். சிவகாசியில் அச்சாகும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியப் படைப்பு தமிழ் பேசிக்கொண்டே வின்செஸ்டரைத் தோளில் சாத்தி எதிரிகளைச் சாய்த்துவருகிறது. அசல் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒரு தலைமுறை, அதன் வடிவத்தைப் படம் போட்டுக் காட்டும் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறது.

ஆனால் இந்தியாவில் நிஜ லீவர் ரைபிள் அபூர்வம். காரணம் வெள்ளைக்காரனின் ருசி. பிரிட்டிஷ் துரைமார்களுக்கும் அவர்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட மகாராஜாக்களுக்கும் இரட்டைக் குழல் ரைபிள்தான் அந்தஸ்து: லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். அடுத்த படியில் மௌசர் பாணி போல்ட் ரைபிள். சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி அந்த ரகம். ரிக்பி கம்பெனி அதை 2015இல் திரும்ப வாங்கி, மறு வருஷம் குமாவுன் மலைக்குக் கொண்டுவந்தது. மக்கள் சாமி பார்ப்பது போல வந்து பார்த்தார்கள். லீவர் ரைபிளை மட்டும் துரைமார்கள் அமெரிக்க மாட்டுக்காரப் பயல்களின் சாமான் என்று ஒதுக்கினார்கள்.

ஒதுக்காத ஒருவர் பெங்களூரில் இருந்தார்.

ஜவளகிரியின் .405

கென்னத் ஆண்டர்சன் 1910இல் ஹைதராபாத் அருகே பொல்லாரத்தில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக இந்தியாவிலேயே வேர்விட்ட ஸ்காட்லாந்து வம்சம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். அவர் திரிந்த காடுகள் தமிழ் வாசகர்களுக்கு அன்னியமானவை அல்ல: ஜவளகிரி, அஞ்செட்டி, சிவனிபள்ளி, பென்னாகரம், சின்னாறு. ஒசூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பஸ் ஏறினால் போய்விடலாம். காட்டு ஜனங்களின் பாஷையும் அவருக்குத் தெரியும். முத்தூர்ப் பக்கத்துப் பூசாரி இனத்தவரான பைரா, கள்ள வேட்டைக்காரராக அறிமுகமாகி ஆயுள் நண்பரானவர். கார்பெட்டின் கதைகளில் மலையும் ஆறும் பெரிதாகத் தெரியும். ஆண்டர்சனின் கதைகளில் பைராவும் ரங்காவும் டீக்கடைப் பேச்சும் தெரியும். இலக்கியமாக எது உசத்தி என்ற சண்டையை ரசிகர்களிடமே விட்டுவிடலாம்.

அவர் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 போர். லீவர் ரைபிள்களில் இது தனிப் பிறவி. மற்ற மாடல்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறத்தை இடித்துக்கொண்டிருப்பதால் கூர்மூக்குத் தோட்டா போட்டால் ஆபத்து. உதைப்பில் முன்னது உள்ளேயே வெடிக்கலாம். எனவே மொண்ணை மூக்குத் தோட்டாதான் போட முடியும். பிரவுனிங் 1895இல் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, வளையத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்தன. பெரிய தோட்டா, நல்ல பலம். முதல் உலகப் போரில் ரஷ்யா இந்த மாடலை ஏறத்தாழ மூன்று லட்சம் வாங்கியது என்றால் யந்திரத்தின் உறுதி புரியும். .405 தோட்டா 1904இல் வந்தது. சுமார் பத்தொன்பதரை கிராம் ஈயத்தை வினாடிக்கு 670 மீட்டர் வேகத்தில் தள்ளும். பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்கிற ரீதியில் புகழ்ந்து எழுதினார். சுடுபவரின் தோளுக்கும் அது கொஞ்சம் மருந்து கொடுக்கும். இரும்புத் தகடு அடித்த பின்கட்டை உதைக்கிற உதை பிரசித்தம்.

இந்த ரைபிளில் டார்ச் பொருத்திக்கொண்டு பரணில் இரவு முழுக்கக் கண் விழித்திருப்பது ஆண்டர்சனின் வழக்கம். 1939 முதல் 1966 வரை 7 ஆட்கொல்லிப் புலிகளையும் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் அவர் சுட்டதாகக் கணக்கு. முதல் புத்தகம் 1954இல் வந்தது. கடைசிக் காலத்தில் துப்பாக்கியை விடக் கேமராவில் நாட்டம் அதிகமாகி, காட்டைக் காக்க வேண்டும் என்று பேசியவர், 1974இல் காலமானார். அவர் புலிக்குக் காத்திருந்த ஜவளகிரியும் அஞ்செட்டியும் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகின்றன.

தென்னிந்தியாவில் லீவர் ரைபிள் மோகத்தின் ஊற்றுக்கண் பெரும்பாலும் இதுதான். கௌபாய் படம் விதை போட்டது. ஆண்டர்சன் தண்ணீர் ஊற்றினார். அமெரிக்காவில் ஒருவர் வின்செஸ்டர் வாங்குவது தாத்தாவின் பண்ணையை நினைத்து. இங்கே ஒருவர் அதற்கு ஏங்குவது சின்னாற்றங்கரையின் ஓர் இரவை நினைத்து. அந்த இரவு அவர் வாழ்ந்ததல்ல, படித்தது. புத்தகத்தில் வந்த பொருள் இரும்பும் வால்நட் கட்டையுமாகக் கையில் கனப்பது சாதாரண விஷயமல்ல. கர்ணனின் கவசத்தையோ வந்தியத்தேவனின் வாளையோ யாரும் வாங்க முடியாது. ஆண்டர்சனுடையதைப் போன்ற ரைபிளை, அதிர்ஷ்டமும் லைசென்ஸும் இருந்தால், வாங்கலாம்.

அதிர்ஷ்டம் என்றால் பெரும் அதிர்ஷ்டம். 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி அநேகமாக நின்றுபோனது. அதன்பின் நாட்டுக்குள் இருப்பதுதான் சரக்கு. ஒருவர் விற்றால்தான் இன்னொருவர் வாங்க முடியும். அமெரிக்காவில் கடை அலமாரியில் கிடக்கும் சாதாரண ரைபிளுக்கு இங்கே ரத்தின விலை பேசுவது இதனால்தான். புதிதாக வேண்டுமென்றால் மேற்கு வங்கம் இஷாப்பூரில் செய்யும் .315 இருக்கிறது. பட்டாளத்து .303 தோட்டாவைச் சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்திருப்பதால் அதற்குப் பதிலாக வந்த போர் அது. உழைக்கும், நம்பலாம். அதன்மேல் யாரும் கவிதை எழுதமாட்டார்கள்.

தோட்டா விஷயம் இன்னும் சோகம். .315க்கும் 12 போருக்கும் அரசுத் தொழிற்சாலைத் தோட்டா கிடைக்கும். .405க்கு இந்தியாவில் தோட்டா தயாராவதில்லை. வெளிநாட்டில் 2000க்குப் பிறகு மறுபடி செய்யத் தொடங்கினார்கள் என்றாலும், அது இங்கே ஒரு சாதாரண லைசென்ஸ்காரரின் கைக்கு வந்து சேர்வது குதிரைக்கொம்பு. எனவே பழைய லீவர் ரைபிளின் சொந்தக்காரர் ஒருவகையில் கருமி. இருக்கிற தோட்டாவை எண்ணி எண்ணி வைப்பார். ஒன்றைச் சுட்டால் ஒன்று குறைந்துவிடுமே. சுடுவதற்காகச் செய்த சாதனம், சுடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆகிறது: துடைக்க, காட்ட, கதை சொல்ல.

மூன்றில் ஒன்று போக வேண்டும்

டெல்லி கைவைத்தது இந்தப் பாசத்தின் மேல்தான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. முதலில் ஒன்று என்றுதான் மசோதா சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டானது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே இரண்டுதான்.

அரசின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வட மாநிலக் கல்யாணங்களில் குஷிக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு, எதிர் மாடியில் நின்றவர் செத்த செய்திகளுக்குக் கணக்கில்லை. அதே திருத்தம் அந்தக் கொண்டாட்ட வெடியையும் குற்றமாக்கியது. ஆனால் கல்யாண மண்டபத்தில் வெடிப்பது .405 அல்ல. சட்டத்தின் வலை பெரிய மீனுக்காக வீசப்பட்டது. சிக்கியதில் அலங்கார மீன்களும் உண்டு.

மூன்றில் எதைக் கொடுப்பது? ராத்திரி சத்தம் கேட்டால் எடுக்கிற ரிவால்வரைக் கொடுக்க மனம் வராது. தோப்பில் குரங்கு விரட்டுகிற 12 போரையும் கொடுக்க முடியாது. மூன்றாவதாக மாட்டிக்கொள்வது எதற்கும் பயன்படாத, தோட்டாகூட இல்லாத தாத்தா ரைபிள். புத்தி அதைக் கொடு என்கிறது. மனசு மற்ற இரண்டில் ஒன்றைக் கொடு என்கிறது. மனசு சொன்னபடி நடந்தவர்களை அசடு என்று சொல்லிவிட முடியாது.

வாரிசுக்கு மாற்றுவதும் லேசில்லை. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, சொந்தக்காரர் இறந்த பிறகோ, அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்து கலெக்டர் மேஜைக்குப் போக வேண்டும். மகன் துபாயிலோ மகள் பெங்களூரிலோ இருந்தால், விசாரணைக்கு வரும் காவலர் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு துப்பாக்கி வியாபாரியின் கிடங்குக்குப் போய், அங்கே மாத வாடகையில் வருஷக்கணக்காக நிற்பது பல குடும்பங்களின் கதை. நகையைப் போல அதை மூன்றாகப் பிரிக்க முடியாது. நிலத்தைப் போல வேலி போட்டுவிட்டு மறந்திருக்கவும் முடியாது.

இந்த மனப்போராட்டமே இல்லாத ஜில்லா ஒன்று தெற்கே உண்டு: குடகு. 1861இல் ஆங்கிலேயர் கொடுத்த விலக்கை சுதந்திர இந்தியாவும் தொடர்ந்தது. கொடவர்களும் ஜம்மா நில உரிமைக்காரர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019இல் அதை மேலும் பத்து வருஷம் நீட்டித்தார்கள். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. செப்டம்பரில் கைல்போத் பண்டிகையன்று துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, குழலில் 'தோக்பூ' செருகுகிறார்கள். துப்பாக்கிப் பூ என்று பொருள். நம்மூர்ச் செங்காந்தள்தான் அது. தமிழ்நாட்டின் மாநில மலர். குடகனுக்குத் துப்பாக்கி குடும்பத்தில் ஓர் உறுப்பினர். மற்ற ஊரில் அது அப்பாவோடு வந்த தொல்லை பிடித்த விருந்தாளி.

கேரளத்தில் விருந்தாளிக்குத் திடீரென்று வேலை கிடைத்திருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் ஏலூர் பெரியாற்றங்கரைத் தொழிற்பேட்டை. 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் உர ஆலையின் ஊர். அங்கே ஒரு வீட்டு பீரோவில் வேட்டை ரைபிள் இருந்தால் அது பழைய புகைப்பட ஆல்பத்துக்குச் சமானம். அதே ஆற்றில் மேலே போனால், அதே மாவட்டத்தில், கோதமங்கலத்துக்குக் கிழக்கே மலையோரம் தொடங்கிவிடுகிறது. அங்கே மரவள்ளியும் வாழையும் சேனையும் காட்டுப்பன்றிக்குப் போக மிச்சம்தான் விவசாயிக்கு. பன்றியைத் தொல்லைப் பிராணியாக அறிவிக்கும்படி கேரளம் கேட்டது. மத்திய அரசு இணங்கவில்லை. எனவே 2022 மே மாதத்தில், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கேரள அரசு கொடுத்தது. சுடுவது லைசென்ஸ் துப்பாக்கிக்காரர். விஷம், வெடி, மின்கம்பி கூடாது. சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும்; சமைக்கக் கூடாது. (தமிழ்நாடு 2025 ஜனவரியில் கொஞ்சம் எச்சரிக்கையாக நடந்துகொண்டது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டினால்தான் சூடு, அதுவும் வனத்துறை வழியாக.)

நேற்று வரை சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட துப்பாக்கிக்காரரைப் பஞ்சாயத்து ஆபீஸ் போன் போட்டுக் கூப்பிடுகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க அலுத்துப்போய் ஒப்படைத்தவர்கள் இப்போது கையைப் பிசைகிறார்கள். பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாது என்பதால், வாக்குப்பதிவு மாதத்தில் துப்பாக்கி காவல் நிலையத்தில் கிடப்பதும் மலையோரத்தில் ஒரு புகாராகியிருக்கிறது.

இந்த வேலைக்குப் போவது பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல். தோட்டா கிடைக்கிறது, வாழைத் தோப்புக்குள் அந்தத் தூரம் போதும். ரைபிளின் தோட்டா வெகுதூரம் பாயும். குடியிருப்பு நடுவே அது வம்பு. அப்படியே .405 வைத்திருக்கும் ஒருவர் பஞ்சாயத்துப் பட்டியலில் இடம் பிடித்தாலும், கைவசம் இருக்கும் ஏழெட்டுத் தோட்டாவில் ஒன்றை, கடைசியில் புதைக்கப்போகிற ஒரு பன்றிக்காகச் செலவழிக்க அவருக்கு மனம் வருமா என்பது சந்தேகமே.